விளம்பரத்தில் நாட்டுப்பற்று: ஐந்து வழிகளும் அவற்றின் விலையும்

தேசிய நாள் ஒன்று நெருங்கும்போதும், நாடு பேரிடரிலோ போரிலோ உலகப் போட்டியிலோ ஈடுபட்டிருக்கும்போதும், பெரிய நிறுவனங்களின் விளம்பரப் பிரிவுகளில் "நாமும் ஏதாவது சொல்ல வேண்டாமா?" என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. போட்டி நிறுவனம் கொடியின் நிறங்களில் ஒரு படத்தை வெளியிட்டுவிட்டது என்பதே பல இடங்களில் போதிய காரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டு, இரண்டு மூன்று நாள்களில் ஒரு விளம்பரம் தயாராகிவிடுகிறது. நாட்டுப்பற்றை விளம்பரத்தில் பயன்படுத்துவது என்பதை ஒரே செயலாகக் கருதுவதால்தான் இந்த அவசரம் வருகிறது. கொடியைக் காட்டுவதும், 'இங்கே செய்தது' என்று உறையில் அச்சிடுவதும், நாட்டு மக்களின் அன்றாட வாழ்வைப் படம்பிடித்து 'இது நம்முடையது' என்று சொல்வதும், நெருக்கடியில் துணைநிற்பதாக அறிவிப்பதும் வெவ்வேறு செயல்கள். எதுவும் சொல்லாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். இந்த ஐந்துக்கும் பொருந்தும் சட்டம் வேறு, ஆகும் செலவு வேறு, தவறினால் விழும் அடியும் வேறு.

பார்த்தவர் நெகிழ்ந்தாரா, எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற அளவுகோல்களைக் கொண்டு இவற்றை ஒப்பிட நான் விரும்பவில்லை. ஒரு சோப்பு நன்றாக நுரைக்கும் என்று விளம்பரம் சொன்னால், வாங்கியவர் அந்தச் சோப்பைத் தேய்த்துப் பார்த்து முடிவு செய்கிறார். அதே விளம்பரம் 'இது நாட்டின் சோப்பு' என்று சொன்னால், அவருடைய பார்வை சோப்பை விட்டு நிறுவனத்தின் மேல் திரும்புகிறது. ஆலை எங்கே இருக்கிறது, பங்குகள் யார் கையில் உள்ளன, வரி எந்த நாட்டில் செலுத்தப்படுகிறது, ஆள்குறைப்பு வந்தபோது யார் வெளியேற்றப்பட்டார்கள் என்ற கேள்விகள் அப்போதுதான் நியாயமாகின்றன. ஆகவே, அந்த விளம்பரத்தை நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்குப் பக்கத்தில் வைத்தால் அது நிற்குமா என்பதே இங்கு நான் கையாளும் அளவுகோல்.

இந்த அளவுகோலுக்கு ஆய்வுலகிலிருந்தும் ஓரளவு ஆதரவு உண்டு. டெரன்ஸ் ஷிம்ப், சுபாஷ் சர்மா ஆகிய இருவரும் 1987-இல் 17 கூற்றுகள் கொண்ட ஓர் அளவீட்டை வெளியிட்டார்கள். அயல்நாட்டுப் பொருளை வாங்குவது தவறு, அது சொந்த நாட்டினரின் வேலையைப் பறிக்கும் என்ற வகையிலான கூற்றுகளுடன் ஒருவர் எவ்வளவு உடன்படுகிறார் என்பதை அது அளக்கிறது. சிலருக்குப் பொருள் வாங்குவது தரமும் விலையும் மட்டும் சார்ந்த செயலாக இல்லாமல் அறம் சார்ந்த செயலாகவும் இருக்கிறது என்பதை அந்த ஆய்வு நிலைநாட்டியது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு விளம்பரத் துறையினர் வழக்கமாக எடுத்துக்கொள்வதற்கு மாறானது. நாட்டுப்பற்று விளம்பரத்தால் மிக எளிதில் அசையும் வாடிக்கையாளர்தான், அதில் பொய் கலந்திருந்தால் மிகக் கடுமையாகத் திரும்பி அடிப்பவரும் ஆவார்.

கொடியும் சின்னமும்

செலவு குறைந்த வழி இதுவே. ஒப்பீட்டில் கடைசி இடமும் என் கணிப்பில் இதற்குத்தான். முதல் தடை சட்டம். இந்தியாவில் 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் (முறையற்ற பயன்பாட்டுத் தடுப்பு) சட்டம், அரசின் அனுமதியின்றித் தேசியக் கொடியையும் அரசுச் சின்னத்தையும் காந்தியடிகள் போன்றோரின் பெயரையும் படத்தையும் வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. அது இயற்றப்பட்டபோது விதித்த அபராதத்தின் உச்சவரம்பு 500 ரூபாய்தான் என்பதால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அபராதத்தைவிட, மன்னிப்புக் கேட்க நேரும் நாளில் ஏற்படும் இழப்பே பெரிது. சீனாவின் விளம்பரச் சட்டம் கொடி, தேசிய கீதம், அரசுச் சின்னம் ஆகியவற்றை விளம்பரத்தில் பயன்படுத்துவதை நேரடியாகவே தடுக்கிறது. அமெரிக்காவின் கொடி விதித்தொகுப்பு, எந்த வகையிலும் கொடியை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் அது தண்டனை இல்லாத அறிவுரையாகவே இருப்பதால், அந்நாட்டில் கொடி இல்லாத கார் விற்பனைக் கூடத்தைத் தேடத்தான் வேண்டும். ஒரு காலத்தில் அங்கும் நிலைமை வேறாக இருந்தது. பியர் புட்டியில் கொடியை ஒட்டி விற்றவர்கள் மேல் நெப்ராஸ்கா மாநிலம் எடுத்த நடவடிக்கையை, 1907-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சரி என்று உறுதி செய்தது.

சட்டம் இடம் கொடுத்தாலும் இரண்டாவது தடை ஒன்று உண்டு. கொடி எல்லோருக்கும் பொது என்பதால், அதைக் காட்டுவதன் மூலம் எந்த நிறுவனமும் மற்றொன்றிலிருந்து வேறுபட்டுத் தெரிவதில்லை. ஒரே நாளில் நாற்பது நிறுவனங்கள் ஒரே நிறங்களில் வாழ்த்துச் சொன்னால், நாற்பதும் ஒரே விளம்பரமாகத்தான் நினைவில் நிற்கும்.

இந்த வழியின் எல்லையைக் காட்ட 2016-ஆம் ஆண்டுக் கோடையில் பட்வைசர் வெளியிட்ட பியர் குவளையைவிடச் சிறந்த சான்று கிடையாது. அதன் முகப்பில் வழக்கமாக பட்வைசர் என்ற பெயர் இருக்கும் இடத்தில், அதே சாய்ந்த எழுத்து வடிவில் 'அமெரிக்கா' என்று அச்சிட்டிருந்தார்கள். 'பியர்களின் அரசன்' என்ற பழைய வாசகத்தின் இடத்தில், பலவற்றிலிருந்து ஒன்று என்று பொருள்படும் லத்தீன் தேசிய வாசகம் இருந்தது. அந்த ஆண்டின் அதிபர் தேர்தல் வரை இதே குவளை விற்கப்படும் என்றும் அறிவித்தார்கள். அப்போது அந்த நிறுவனம் பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஏபி இன்பெவ் குழுமத்தின் உடைமையாகி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. செய்தி வெளிவந்த அன்றே அதைப் பற்றிய கேலிகளில் பெரும்பகுதி இந்த ஒரு முரணையே சுற்றி வந்தது. பியர் அமெரிக்க ஆலைகளில்தான் வடிக்கப்பட்டது, வேலை செய்தவர்களும் அமெரிக்கர்கள்தான் என்று நிறுவனம் நியாயமாகவே வாதிட்டிருக்கலாம். ஆனால் நாட்டின் பெயரையே குவளையில் ஒட்டிக்கொண்ட பிறகு அந்த நுணுக்கமான வாதத்துக்கு இடமில்லாமல் போனது.

'இங்கே செய்தது' என்னும் கூற்று

ஐந்து வழிகளில் இது ஒன்றுதான் சரிபார்க்கத்தக்க உண்மையைச் சொல்கிறது. அதனால் இதுவே வலிமையானது. சட்டத்தின் பிடி இறுக்கமாக இருப்பதும் இங்கேதான். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் அளவுகோலின்படி, நிபந்தனை எதுவும் சேர்க்காமல் 'அமெரிக்காவில் செய்தது' என்று எழுத வேண்டுமானால், பொருள் முழுமையாகவோ ஏறத்தாழ முழுமையாகவோ அங்கே உருவாகியிருக்க வேண்டும். 2021-இல் இது அபராதம் விதிக்கத்தக்க விதியாகவே ஆக்கப்பட்டது. வீட்டுப் பொருள்கள் விற்கும் வில்லியம்ஸ்-சொனோமா நிறுவனம் இத்தகைய பொய்க் கூற்றுக்காக 2020-இல் 10 லட்சம் டாலர் செலுத்தி ஒரு கட்டளைக்கு உடன்பட்டது. அதை மீறியதற்காக 2024-இல் 31 லட்சம் டாலருக்கும் மேல் செலுத்த நேர்ந்தது. இரண்டாம் முறை சிக்கிய பொருள்களில் சீனாவில் தயாரான மெத்தை விரிப்பும் ஒன்று.

இந்தக் கூற்றை எடுத்துக்கொள்ள நினைக்கும் நிறுவனம் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, 'நம் நாட்டுப் பொருள்' என்பதற்கு நாட்டுக்கு நாடு அளவு மாறுகிறது என்பதைத்தான். கனடாவில் 'கனடாவின் விளைபொருள்' என்று சொல்ல நேரடிச் செலவில் குறைந்தது 98 விழுக்காடு கனடாவில் ஆகியிருக்க வேண்டும். 'கனடாவில் செய்தது' என்றால் 51 விழுக்காடும், பொருளின் இறுதியான முக்கிய உருமாற்றம் அங்கே நடந்திருப்பதும் போதும். சுவிட்சர்லாந்தில் 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஆலைப் பொருள்களில் உற்பத்திச் செலவின் 60 விழுக்காடும், உணவுப் பொருள்களில் மூலப்பொருள் எடையின் 80 விழுக்காடும், பாலென்றால் முழுவதுமே அந்நாட்டினதாக இருக்க வேண்டும். டென்மார்க்கில் 2025-இல் சாலிங் என்னும் பெரிய சில்லறை வணிகக் குழுமம், ஐரோப்பியர் உடைமையில் உள்ள நிறுவனங்களின் பொருள்களுக்கு விலைச்சீட்டில் ஒரு நட்சத்திரக் குறி சேர்த்தது. அது எங்கே செய்தார்கள் என்பதைக் கணக்கில் எடுக்காமல், யாருடைய உடைமை என்பதை மட்டும் பார்க்கும் குறி. ஒரே பொருள் கனடாவின் கணக்கில் தேறி டென்மார்க்கின் கணக்கில் தோற்கலாம். உங்கள் வாடிக்கையாளர் மனத்தில் இந்த இரண்டில் எது ஓடுகிறது என்று தெரியாமல் விளம்பரம் எழுதக் கூடாது.

டாப்ளரோன் சாக்லெட்டின் உறையில் நடந்த மாற்றம் இந்த வழியின் ஆதாயத்தையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டுகிறது. அந்த முக்கோணப் பெட்டியில் பல ஆண்டுகளாக மேட்டர்ஹார்ன் சிகரத்தின் படம் இருந்தது. அந்தக் கூர்மையான, சற்றே வளைந்த உச்சியைப் பார்த்தவுடன் சுவிட்சர்லாந்து என்று அடையாளம் கண்டுகொள்ளாதவர் அரிது. உற்பத்தியில் ஒரு பகுதியை ஸ்லோவாக்கியாவுக்கு மாற்ற உரிமையாளரான மோண்டலீஸ் நிறுவனம் முடிவு செய்தபோது, சுவிஸ் சட்டப்படி அந்தச் சிகரத்தை உறையில் வைத்திருக்க முடியாத நிலை ஏற்பட்டது. 2023-இல் அதன் இடத்துக்கு எந்த நாட்டுக்கும் உரியதல்லாத பொதுவான ஒரு மலை வந்தது. 'சுவிட்சர்லாந்தின்' என்ற சொல் 'சுவிட்சர்லாந்தில் தொடங்கப்பட்டது' என்று மாறியது. சட்டத்தை நிறுவனம் முறையாகப் பின்பற்றியிருக்கிறது, யாரையும் ஏமாற்றவில்லை. ஆயினும், ஆலை இடமாற்றம் என்ற உள்விவகாரம், வழக்கமாகச் செய்தியாகாத ஒன்று, அந்த மலையின் காரணமாக உலகம் முழுவதும் தலைப்புச் செய்தியானது. நாட்டின் அடையாளத்தை உறையில் ஏற்றும் நிறுவனம், எதிர்காலத்தில் ஆலையை எங்கே வைப்பது என்ற தன் உரிமையில் ஒரு பகுதியையும் சேர்த்தே அடகு வைக்கிறது. விளம்பரப் பிரிவு மட்டும் கூடி இந்த முடிவை எடுக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். உற்பத்திப் பிரிவும் நிதிப் பிரிவும் அந்த அறையில் இருக்க வேண்டும்.

இந்தக் கூற்றை எவ்வளவு நேர்மையாகச் சொல்ல முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருள் உறையில் இடம்பெறும் பிறப்பிடச் சீட்டு நல்ல முன்மாதிரி. 1986-லிருந்து புழக்கத்தில் இருக்கும் முக்கோணத்துக்குள் கங்காரு நிற்கும் சின்னத்துக்குக் கீழே, அந்த நாட்டு மூலப்பொருள் எவ்வளவு என்பதைக் காட்டும் ஒரு பட்டையும், குறைந்தது இத்தனை விழுக்காடு என்ற ஒரு வரியும் உண்டு. 2018 ஜூலை 1 முதல் பெரும்பாலான உணவுப் பொருள்களுக்கு இந்தச் சீட்டு முறை கட்டாயம். கங்காரு உணர்ச்சியைத் தொடுகிறது. கீழே உள்ள பட்டை அந்த உணர்ச்சிக்கு எவ்வளவு இடம் உண்டு என்று கணக்குச் சொல்கிறது. சட்டம் கேட்காத நாடுகளிலும் ஒரு நிறுவனம் தானாகவே இப்படி எழுதலாம். 'துணி இங்கே நெய்தது, பொத்தான் வெளிநாட்டினது' என்று எழுதினால் விற்பனை குறைந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. அப்படி எழுதிய நிறுவனத்தைக் குற்றம் சொல்லப் பத்திரிகையாளருக்கு எதுவும் மிச்சமிருக்காது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

தொழிற்சங்கங்களும் வணிகக் கூட்டமைப்புகளும் அரசும் சேர்ந்து நடத்தும் பொதுப் பிரசாரங்களில் இணைவதா என்பதும் இந்த வழியோடு சேர்ந்தே வரும் கேள்வி. அவற்றின் வரலாறு அவ்வளவு ஊக்கமளிப்பதாக இல்லை. 1968-இன் தொடக்கத்தில் பிரிட்டனில், சம்பளமில்லாமல் நாள்தோறும் அரை மணி நேரம் கூடுதலாக உழைக்க முன்வந்த ஐந்து பெண் செயலர்களிடமிருந்து 'நான் பிரிட்டனுக்குத் துணை' என்ற இயக்கம் பிறந்தது. அதற்காக விற்கப்பட்ட டி-சர்ட்டுகள் போர்ச்சுகலில் தயாரானவை என்று தெரியவந்தபோது இயக்கம் நகைப்புக்கு இடமானது. அயர்லாந்தில் 1978-இல் அரசு ஆதரவுடன் தொடங்கிய 'அயர்லாந்துப் பொருளையே வாங்குக' பிரசாரத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 1982-இல் சட்டவிரோதம் என்றது. அந்த வழக்கில் அயர்லாந்து அரசு முன்வைத்த தற்காப்பு வாதம் நினைவில் கொள்ளத்தக்கது: பிரசாரம் நடந்த காலத்தில் உள்நாட்டுப் பொருள்களின் பங்கு 1977-இல் இருந்த 49.2 விழுக்காட்டிலிருந்து 1980-இல் 43.4 விழுக்காடாகக் குறைந்துதான் போனது, ஆகவே பிரசாரத்தால் யாருக்கும் பாதிப்பில்லை என்றது அரசு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிரசாரத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் அந்த வாதத்தை எப்படிக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

'இது நம்முடையது' என்னும் உறவு

கொடியும் இல்லை, விழுக்காடும் இல்லை. மக்களின் நடை உடை பாவனைகளையும் அவர்கள் வாழ்வில் அந்தப் பொருள் பெற்ற இடத்தையும் காட்டுவது மூன்றாவது வழி. கலைநயத்துக்கு இடம் மிகுந்த வழியும் இதுவே. 1989-இல் வந்த 'ஹமாரா பஜாஜ்' ('நம்முடைய பஜாஜ்') ஸ்கூட்டர் விளம்பரம் இந்தியாவில் பலருக்கு இன்றும் நினைவிருப்பதற்குக் காரணம், அதில் நாட்டைப் பற்றிய பெருமிதப் பேச்சைவிட ஸ்கூட்டரைத் துடைப்பதும் குடும்பத்தோடு ஏறிச் செல்வதும் போன்ற அன்றாடக் காட்சிகள் முன்னே நின்றதுதான். ஜப்பானியக் கூட்டுறவோடு தயாரான வாகனங்கள் சந்தைக்கு வந்துவிட்ட காலத்தில், 'நம்முடைய' என்ற ஒரு சொல் அந்தப் போட்டிக்கு விடையாக நிறுத்தப்பட்டது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் பல ஆண்டுகளாகத் தெருக்களில் ஓடிய வண்டிகள் இருந்தன. ஆயினும் சந்தை மோட்டார் சைக்கிளுக்கு மாறியபோது அந்த உறவால் அதைத் தடுக்க முடியவில்லை. 2009-இல் நிறுவனமே ஸ்கூட்டர் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது.

கனடாவில் மோல்சன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் எடுத்த பியர் விளம்பரம் வேறொரு பாடம் தருகிறது. கட்டம் போட்ட சட்டை அணிந்த இளைஞன் ஒருவன் மேடையில் ஏறி, தயங்கித் தொடங்கி, தான் மரவெட்டியும் அல்ல, பனிவீட்டில் குடியிருப்பவனும் அல்ல என்று அயலார் கொண்டிருக்கும் கற்பனைகளை ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டே குரலை உயர்த்தி, தன்னைக் கனடியன் என்று முழங்கி முடிக்கிறான். அண்டை நாடான அமெரிக்காவிலிருந்து தாங்கள் வேறு என்று சொல்லத் தவித்துக்கொண்டிருந்த மக்களுக்கு அது சொந்தக் குரலாகவே கேட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2005-இல், மோல்சன் அமெரிக்காவின் கூர்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது. அந்த வாசகமும் அதே ஆண்டில் ஓய்வு பெற்றது. 2025-இல் அமெரிக்கச் சுங்கவரி மிரட்டல்களுக்குப் பின் அதே நடிகர் ஜெஃப் டக்ளஸ் அதே பாணியில் ஒரு புதிய காணொளியில் தோன்றினார். அது பியர் விற்பதற்காக எடுக்கப்பட்டதல்ல. நிறுவனம் பணம் போட்டு வளர்த்த உணர்ச்சி நிறுவனத்தைவிட்டுப் பிரிந்து மக்களிடமே தங்கிவிட்டது. நாட்டுக்கு அது நல்லதுதான்; முதலீட்டாளரின் பார்வையில் அது வேறு விதமாகத் தெரியும்.

இந்த வழியில் நீண்ட காலம் நிற்பவர்கள் மேல் விழும் சுமைக்கு குவாண்டாஸ் விமான நிறுவனம் சான்று. 'ஆஸ்திரேலியாவின் ஆன்மா' என்ற பொருள்பட எழுதிய விமானங்களைப் பறக்கவிட்ட நிறுவனம், 2020-இல் சுமார் 1,700 தரைப்பணியாளர்களைச் சட்டவிரோதமாக வெளியேற்றியது என்று அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 2023-இல் உறுதி செய்தது. முன்பே ரத்து செய்துவிட்ட விமானங்களுக்குத் தொடர்ந்து பயணச்சீட்டு விற்ற வழக்கும் அதே காலத்தில் வெளிவந்தது. எந்த விமான நிறுவனம் செய்திருந்தாலும் மக்கள் கோபப்பட்டிருப்பார்கள். இங்கே அந்தக் கோபத்தில் காட்டிக்கொடுக்கப்பட்ட உணர்வும் கலந்திருந்தது. வெளிநாட்டினர் வைத்திருக்கக்கூடிய பங்குக்கு 49 விழுக்காடு என்ற வரம்பு அந்நிறுவனத்துக்குச் சட்டத்திலேயே உண்டு. ஆகவே உடைமை குறித்த கேள்வியில் அது தேறிவிடும். பணியாளரை நடத்திய விதத்தில்தான் தோற்றது.

இங்கே ஒரு சிறு உத்தியையும் குறிப்பிடலாம். நாடு முழுவதையும் தோளில் ஏற்றிக்கொள்வதற்குப் பதிலாக, ஓர் ஊரையோ தொழிலையோ மட்டும் உரிமை கொண்டாடுவது. கார் நிறுவனமான கிரைஸ்லர் 2011-இல் 'டெட்ராய்ட்டிலிருந்து இறக்குமதி' என்று எழுதியது அவ்வகை. நொடித்துப்போன ஒரு தொழில் நகரத்தின் பெருமையைப் பேசிய அந்த வரியில் குறும்பும் இருந்தது, அளவான உரிமையும் இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு அதே நிறுவனம் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட்டைக் கொண்டு நாடு முழுவதையும் நோக்கிப் பேசியபோது, அது ஆளும் கட்சிக்கான தேர்தல் பிரசாரம் என்று எதிர்த்தரப்பினர் குற்றம்சாட்டினார்கள்.

நெருக்கடியின்போது பேசுவது

நான்காவது வழியை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் ஒப்பீடு சரியாக வரும்: ஏதாவது கொடுத்துப் பேசுவது, எதுவும் விற்காமல் அஞ்சலி செலுத்துவது, அஞ்சலியிலேயே விற்பது. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குச் சில நாள்களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், நாட்டை ஓடவைப்போம் என்ற பொருள்படும் வாசகத்துடன் வட்டியில்லாக் கடனில் கார் விற்கத் தொடங்கியது. இழப்பின் நேரத்தில் வியாபாரமா என்ற முணுமுணுப்பு எழுந்தது உண்மை. ஆனால் வட்டியில்லை என்பது வாங்கியவர் கையில் தெரிந்த பலன், அதனால் அந்த விளம்பரம் தாக்குப்பிடித்தது. அடுத்த பிப்ரவரியில் பட்வைசர், தன் வண்டிக் குதிரைகள் நியூயார்க்கை நோக்கி நடந்து சென்று, நகரத்தின் திசையில் மண்டியிட்டு வணங்குவதாக ஒரு படம் எடுத்தது. பியரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மூன்றாவது வகைக்கு, அதே தாக்குதலின் நினைவு நாளில், 2013-இல், தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி வெளியிட்ட படம் போதும்: இரட்டைக் கோபுரங்களின் நினைவாக வானில் ஏற்றப்படும் ஒளிக்கற்றைகளை ஒரு கைப்பேசி படம்பிடிப்பதாகக் காட்டியது அது. கைப்பேசி முன்னே, அஞ்சலி பின்னே என்ற அந்த அமைப்பே நிறுவனத்தை மன்னிப்புக் கேட்க வைத்தது, படமும் நீக்கப்பட்டது.

நெருக்கடி இன்னொரு நாட்டினால் வந்ததாக இருக்கும்போது, அந்த நாட்டின் மேலான பகையைத் தூண்டி விற்கலாம் என்ற ஆசை வரும். அது பலன் தரும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஜில் கிளைன் முதலிய மூவர் சீனாவின் நான்ஜிங் நகரில் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வு, ஜப்பான் மேலான வரலாற்றுப் பகை, ஜப்பானியப் பொருளின் தரத்தைப் பற்றிய மதிப்பீட்டைக் குறைக்காமலே அதை வாங்கும் விருப்பத்தை மட்டும் குறைத்தது என்று காட்டியது. ஆனால் இந்த உணர்ச்சிக்கு எஜமானன் கிடையாது. ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக் வீரர் ஒருவர் தொடங்கி அவர் பெயரையே தாங்கி நிற்கும் சீனாவின் லீ நிங் நிறுவனம், கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டால் சின்ஜியாங் பருத்தியைத் தவிர்ப்பதாகச் சொன்ன அயல்நாட்டு ஆடை நிறுவனங்கள் 2021-இல் சீனாவில் புறக்கணிக்கப்பட்டபோது பெருமளவு ஆதாயம் பெற்றது. அடுத்த ஆண்டே, அதன் ஆடைகள் சில பழைய ஜப்பானியப் படையினரின் சீருடையை ஒத்திருக்கின்றன என்ற குற்றச்சாட்டில் அதுவும் அதே மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. பகையை அடித்தளமாகக் கொள்ளும் விளம்பரத்தை எந்தச் சூழலிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சொந்த நாட்டிலேயே அந்தப் பகை நாட்டோடு மொழியாலோ மரபாலோ தொடர்புள்ள குடிமக்கள் மேல் அது விழும் என்பதே முதல் காரணம். வணிகக் காரணம் இரண்டாவதுதான்.

உணர்ச்சி விலை வேறுபாட்டை எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்விக்கு வ. உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைக் குறிப்பிடாமல் கடக்க முடியாது. 1906-இல், சுதேசி இயக்கத்தின் உச்சத்தில் தொடங்கிய அந்நிறுவனத்துக்குக் கிடைத்த அளவு உண்மையான நாட்டுப்பற்று இன்றைய எந்த விளம்பரத்துக்கும் கிடைக்காது. ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் கட்டணத்தை வெட்டியது. 1908-இல் சிதம்பரனார் கைதானார். 1911-இல் நிறுவனம் மூடப்பட்டது. அங்கே ஓர் அரசே எதிராக நின்றது என்பதால் இன்றைய சந்தையோடு நேராக ஒப்பிட முடியாது. ஆயினும், ஆழமான முதலீடு உள்ள போட்டியாளர் விலையைக் குறைத்தால் எதிர்நிற்கப் பணமும் வேண்டும் என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

பேசாமல் இருப்பது

வெளிநாட்டு உடைமையில் உள்ள நிறுவனத்துக்கும், பல நாடுகளில் ஒரே பெயரில் விற்கும் நிறுவனத்துக்கும், அண்மையில் ஆள்குறைப்பு செய்த நிறுவனத்துக்கும் இதுவே நல்ல தேர்வு. இணையம் வந்த பிறகு ஒரு நாட்டு மக்களுக்காக எடுத்த விளம்பரம் அந்த நாட்டு எல்லைக்குள் நிற்பதில்லை. ஒரு நாட்டில் பெருமிதமாகக் கேட்கும் வாசகம் பக்கத்து நாட்டில் அவமதிப்பாகக் கேட்கலாம். வாழ்த்துச் சொல்லாததற்காக எந்த நிறுவனமும் நீண்ட காலம் தண்டிக்கப்பட்டதாக எனக்குத் தெரிந்து சான்று இல்லை. அந்தப் பணத்தை அன்று விற்பனையகப் பணியாளர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை அளிக்கப் பயன்படுத்தினால், ஆண்டறிக்கையில் எழுத ஒரு வரி கிடைக்கும்.

ஆக, என் வரிசை இதுதான். உற்பத்தியின் பெரும்பகுதியை உள்நாட்டில் வைத்திருக்கும், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்காவது அதை மாற்றும் எண்ணமில்லாத நிறுவனம் இரண்டாவது வழியை எடுக்கட்டும். விழுக்காட்டையும் சேர்த்தே எழுதட்டும். ஒரு தலைமுறையாவது மக்கள் வீடுகளில் புழங்கிய பொருளென்றால் மூன்றாவது வழியும் திறந்திருக்கிறது. உடைமை மாற்றம் பேச்சுவார்த்தையில் இருக்கும்போது மட்டும் அதைத் தொடவே கூடாது. நான்காவதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், கொடுக்கப்போவது என்ன என்பதைத் தொகையாகவோ பொருளாகவோ முதலில் எழுதி வைத்துவிட்டு, விளம்பரத்தைப் பிறகு எழுதுவது நல்லது; எழுத எதுவும் இல்லையென்றால் ஐந்தாவதற்கு நகர்ந்துவிடலாம். முதல் வழியை, சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் தேசிய அணியின் அதிகாரபூர்வ புரவலர் போன்றவர்களுக்கு விட்டுவிடலாம். அவர்களுக்கு அந்தச் சின்னத்தின்மேல் ஒப்பந்தப்படி உரிமை உண்டு.

இரண்டாவது வழியை எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு நடைமுறைக் குறிப்பு தேவைப்படுகிறது. உற்பத்தி இடம் மாறும் நாளில் பழைய கூற்றுடன் அச்சிட்ட உறைகள் கிடங்கிலும் கடைகளிலும் பல மாதங்களுக்கு இருக்கும். இணைய விற்பனைத் தளங்களில் பழைய விவரம் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். எனவே பிறப்பிடக் கூற்றை உறையின் முதன்மை வடிவமைப்போடு கலக்காமல், தனியாக எடுத்துவிடத்தக்க ஒரு சீட்டாகவோ அச்சுத் தகட்டின் தனிப்பகுதியாகவோ தொடக்கத்திலேயே அமைப்பதும், அந்தக் கூற்று இடம்பெறும் எல்லா இடங்களின் பட்டியலையும் ஒருவர் பொறுப்பில் வைப்பதும், மூலப்பொருள் வழங்குநரை மாற்றும் ஒவ்வொரு முறையும் விழுக்காட்டை மறுபடி கணக்கிட்டு அந்தப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குவதும் விளம்பரம் வெளிவருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலைகள்.